தொண்டை வலிதானே என்று விட்டு விடலாமா?

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று உங்கள் மனசு அங்கே இருப்பது எங்களுக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

இன்றைக்குப் பேசப் போவது தொண்டை வலியைப் பற்றி. "என்னங்க இது, கூட்டம் போட்டுப் பேசுற அளவுக்குத் தொண்டை வலி பெரிய வருத்தமா?" என்று பின்னால் இருந்து ஒரு அக்கா கேட்கிறாங்க. நல்ல கேள்வி. தொண்டை வலி வராத ஆள் இந்தத் தோட்டத்தில் ஒருத்தரும் இல்லை. வரும், நாலு நாள் இருக்கும், போய்விடும். உண்மைதான். ஆனால் பத்துத் தடவை தானாகப் போகிற அதே தொண்டை வலி, பதினோராவது தடவை ஒரு பிள்ளையின் இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போகலாம். எது தானாகப் போகும், எதைத் தூக்கிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் தேவையில்லாமல் பயப்படவும் வேண்டாம், தேவையான நேரத்தில் சும்மா இருக்கவும் மாட்டோம்.

தொண்டை ஏன் வலிக்கிறது?

முதலாவது காரணம், தடிமனும் சளிக் காய்ச்சலும். வைரஸ் என்று சொல்லுகிற மிகச் சின்னக் கிருமிகள்தான் இதற்குக் காரணம். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், இருமல் இருக்கும், குரல் கம்மும், கண் சிவக்கும். தொண்டையும் கரகரக்கும். இதற்குக் கெப்சூல் தேவையில்லை. கெப்சூல் குடித்தாலும் கேட்காது. ஏனென்றால் அந்த மருந்து பக்டீரியா என்ற வேறு இனக் கிருமியைக் கொல்லுகிற மருந்து. வைரசுக்கு அது ஒன்றும் செய்யாது. உடம்பே ஒரு கிழமைக்குள் இந்த வருத்தத்தை வென்றுவிடும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் நம்மை வீட்டுக்குள் பூட்டி வைத்த கொரோனாவும் வைரஸ்தான். அதற்கும் தொண்டை வலி ஒரு அடையாளம் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

"மழையில நனைஞ்சதாலதான் தொண்டை கட்டிருச்சு" என்று நாம் சொல்லுகிறோம். மழையும் பனியும் கிருமியைக் கொண்டு வருவதில்லை. ஆனால் மழைக் காலத்தில் என்ன செய்கிறோம்? லயத்துக் காம்பராவின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, ஆறு ஏழு பேர் ஒரே காம்பராவில் ஒட்டிப் படுக்கிறோம். ஒருத்தர் இருமினால் மற்ற எல்லாருக்கும் போகிறது. பாடசாலை வகுப்பறையிலும் அப்படித்தான். ஆகவே மழை நேரடிக் காரணம் இல்லை, மழைக்குப் பயந்து மூடுகிற ஜன்னல்தான் காரணம்.

இரண்டாவது காரணம், பக்டீரியாக் கிருமி. இதில் முக்கியமானது ஸ்ட்ரெப்டொகொக்கஸ் என்பது. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, "ஸ்ட்ரெப்" என்று மட்டும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். தொண்டை வலி என்று வருகிற பெரியவர்கள் பத்துப் பேரைப் பார்த்தால் ஒருவருக்கு இது இருக்கலாம். பிள்ளைகள் பத்துப் பேரில் மூன்று பேர் வரைக்கும் இருக்கலாம். இந்தப் பேச்சின் முக்கியமான பகுதி இதுதான். கொஞ்சம் பொறுங்கள், திரும்பி வருகிறோம்.

மூன்றாவது, கிருமியே இல்லாத காரணங்கள். ஜன்னல் இல்லாத குசினியில் ஈர விறகை ஊதி ஊதிச் சமைக்கிற தாய்க்குத் தொண்டை எப்போதும் எரியும். இஸ்டோரில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தூசியால் வரும். பீடி, சிகரெட் குடிக்கிறவர்களுக்கு வரும். ராத்திரி வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுக்கிறவர்களுக்கு வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி, காலையில் எழும்பும்போது தொண்டை எரியும். மலையில் மருந்தடிக்கிற தம்பிமார் முகமூடி போடாமல் காற்றுக்கு எதிராக அடித்தாலும் தொண்டை எரியும். அப்படி எரிந்தால் அதைத் தடிமன் என்று நினைக்கக் கூடாது. வேலையை நிறுத்தி, முகம் கை கால் எல்லாம் சோப் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றி, அடித்த மருந்தின் போத்தல் லேபலையும் எடுத்துக் கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கருவாட்டு முள், மீன் முள் குத்துவது. உடனே சோற்றை உருண்டை பிடித்து விழுங்கச் சொல்லுவார்கள். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைக்கும். முள் குத்திய வலி நிற்காவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்டி எடுப்பதுதான் சரி.

தொண்டையில் ஆரம்பித்து இருதயத்துக்குப் போகும் வருத்தம்

இப்போது அந்த ஸ்ட்ரெப் கிருமிக்கு வருவோம்.

நாங்கள் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் பிள்ளை இருந்தது. ஒரு நாள் திடீரென்று காய்ச்சல், விழுங்க முடியாத தொண்டை வலி. இருமலும் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். நாலு நாளில் காய்ச்சல் விட்டது. பிள்ளையும் பாடசாலைக்குப் போனது. எல்லாரும் மறந்து போனார்கள். சரியாக மூன்று கிழமை கழித்து முழங்கால் வீங்கியது. "எங்கேயோ விழுந்திருக்கும்" என்று எண்ணெய் தேய்த்தார்கள். இரண்டு நாளில் அந்த முழங்கால் வடிந்து, மற்றக் காலின் கணுக்கால் வீங்கியது. பிறகு முழங்கை. படியேறினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தபோது இருதயத்தின் ஒரு வால்வு பழுதாகி இருந்தது.

இதற்குப் பெயர் வாதக் காய்ச்சல். நடக்கிறது என்ன என்றால், ஸ்ட்ரெப் கிருமியை எதிர்த்து உடம்பு சண்டை போடுகிறது. அந்தக் கிருமியும் நமது மூட்டு, இருதயம் ஆகியவற்றின் சில பகுதிகளும் உடம்பின் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிகின்றன. அதனால் கிருமி போன பிறகும் உடம்பு தன்னுடைய இருதயத்தையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. மூட்டு வீக்கம் வடிந்து போகும், தழும்பும் இருக்காது. ஆனால் இருதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. மூட்டை நக்கிவிட்டு இருதயத்தைக் கடிக்கிற வருத்தம் என்று வைத்தியர்கள் இதைச் சொல்லுவது வழக்கம்.

இது கூடுதலாக வருவது 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு. நெருக்கமாக வாழ்கிற இடங்களில்தான் அதிகம். எட்டுக் காம்பரா, பத்துக் காம்பரா வரிசையாக உள்ள லயத்தில் வாழும் நாம் இதைக் கவனிக்காமல் வேறு யார் கவனிப்பது?

எல்லா ஸ்ட்ரெப் தொண்டை வலியும் இப்படி ஆகாது. சிலருக்குத்தான் ஆகும். ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், இதைத் தடுக்க முடியும். தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் பெனிசிலின் மருந்தைத் தொடங்கினால்கூட வாதக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம். 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டுபிடித்த அதே பெனிசிலின்தான். இத்தனை வருஷம் ஆகியும் ஸ்ட்ரெப் கிருமி அந்த மருந்துக்கு இன்னும் பணிந்துதான் இருக்கிறது. விலை கூடிய மருந்து தேவையில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கும்.

வாதக் காய்ச்சல் ஒரு தடவை வந்த பிள்ளைக்கு மறுபடியும் வரலாம். ஒவ்வொரு தடவையும் இருதயம் இன்னும் கெடும். அதைத் தடுக்க மூன்று அல்லது நாலு கிழமைக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி போட வேண்டும். எவ்வளவு காலம்? பல வருஷம். இருதயம் கெட்டிருந்தால் இன்னும் கூட. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மாதம் ஒரு ஊசி என்றால் வருஷத்துக்கு 12 நாள். பத்து வருஷத்துக்கு 120 நாள். அத்தனை நாளும் தாயோ தகப்பனோ பேர் இல்லாமல், பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, பிள்ளையைக் கூட்டிக் கொண்டு போக வேண்டும். "இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் பேர் போயிரும்" என்று யோசிக்கிறோமே, அந்த ஒரு நாளையும் இந்த 120 நாளையும் தராசில் வைத்துப் பாருங்கள். தினம் தராசில் கொழுந்து நிறுக்கிற உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு கவலையும் உண்டு. சின்ன வயசில் வால்வு கெட்டது தெரியாமலே வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை உண்டான பிறகு மூச்சு வாங்கும்போதுதான் தெரிய வரும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இருதயத்துக்கு வேலை கூடுகிறது. கெட்ட வால்வு அதைத் தாங்காது. தாயின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கிளினிக்கில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிறார்கள். "சின்ன வயசில் மூட்டு வீங்கியதா, வாதக் காய்ச்சல் வந்ததா?" என்று மிட்வைப் அம்மா கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

ஸ்ட்ரெப் தொண்டை வலியின் அடையாளங்களைச் சொல்லுகிறோம். திடீரென்று வரும். காய்ச்சல் இருக்கும். விழுங்கினால் நன்றாக வலிக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் தொண்டையின் இரண்டு பக்கமும் உள்ள சதை சிவந்து வீங்கி, மேலே வெள்ளையாகச் சீழ்ப் புள்ளி தெரியும். தாடைக்குக் கீழே கழுத்தில் நெறி கட்டும், தொட்டால் வலிக்கும். பிள்ளைகளுக்குத் தலைவலி, வயிற்று வலி, வாந்தியும் வரலாம். சிலருக்கு உடம்பில் மணல் தாள் போலச் சொரசொரப்பான சிவந்த தடிப்பு போடும். எல்லாவற்றையும் விட முக்கியமான அடையாளம், இருமல் இருக்காது, மூக்கும் ஒழுகாது.

"மூக்கு ஒழுகினா வீட்டு மருந்து, மூக்கு ஒழுகாமல் காய்ச்சலோட தொண்டை வலிச்சா வைத்தியர்." இதை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். இது முழுவதும் சரியான கணக்கு இல்லை, வைத்தியர் சோதித்தால்தான் உறுதி. ஆனால் புறப்படுவதா இல்லையா என்று வீட்டில் முடிவெடுக்க இது போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

சாதாரணத் தடிமனோடு வந்த தொண்டை வலி என்றால் வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம். ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை கொப்பளிக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கொப்பளிக்கத் தெரியாது, விழுங்கிவிடும். அவர்களுக்கு வேண்டாம். இஞ்சித் தேத்தண்ணி, கொத்தமல்லித் தண்ணி, சூடு ஆறிய கஞ்சி எல்லாம் நல்லது. ஒரு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். ஒரு வயசுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. பச்சைப் பிள்ளையின் குடலில் அது நஞ்சாக மாறலாம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பரசிற்றமோல் போதும். பெரியவர்கள் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஈரல் கெட்டுவிடும். கடையில் விற்கிற தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு. தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

காய்ச்சல் இருக்கும்போது புரூபன், டைக்ளோபெனக், அஸ்பிரின் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கிக் குடிக்காதீர்கள். டெங்குக் காய்ச்சலும் ஆரம்பத்தில் தொண்டை வலியோடு வரலாம். அப்படி இருந்தால் இந்தக் குளிசைகள் இரத்தக் கசிவை உண்டாக்கும். தீபாவளிக்கு, பொங்கலுக்குக் கொழும்பில் கடை வேலை செய்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். வந்த இடத்தில் காய்ச்சல் கண்டால் சாதாரணம் என்று இருக்க வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் கட்டாயம் இரத்தம் சோதிக்க வேண்டும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. "உள்நாக்கு விழுந்திருச்சு" என்று பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் தூக்குவது வேண்டாம். உள்நாக்கு விழுவதில்லை, வீங்கித் தொங்குகிறது, அவ்வளவுதான். விரல் பட்டால் புண்ணாகும். கொதிக்கிற சட்டியை முன்னால் வைத்துப் பிள்ளைக்கு ஆவி பிடிப்பதும் வேண்டாம். சட்டி கவிழ்ந்தால் வெந்து போகும். தொண்டைக்கு வெளியே சுண்ணாம்பு பூசினால் பிள்ளையின் தோல் பொத்துப் போகும், உள்ளே இருக்கிற கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

மருந்து கொடுத்தால் எப்படிக் குடிப்பது?

வைத்தியர் பெனிசிலின் வகை மருந்து கொடுத்தால் பெரும்பாலும் 10 நாளைக்குக் கொடுப்பார். இரண்டு நாளில் வலி நின்றுவிடும். உடனே நாம் என்ன செய்கிறோம்? மிச்சத்தை அலுமாரியில் வைத்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொண்டை வலித்தால் "இந்தா, நாலு கெப்சூல் மிச்சம் இருக்கு, குடிங்க" என்று கொடுக்கிறோம். நல்ல மனசுதான். ஆனால் இரண்டு பேருக்கும் கெடுதல். மருந்தை நிறுத்தினவருக்குக் கிருமி முழுவதும் சாகவில்லை. வாங்கிக் குடித்தவருக்கு நாலு கெப்சூலால் எதுவும் குணமாகாது, அவருக்குப் பெனிசிலின் ஒத்துக் கொள்ளாத உடம்பாக இருந்தால் ஆபத்தும் வரலாம். பனிக் காலம், மழைக் காலம் என்று பார்க்காமல் பத்து நாளும் குடித்து முடிக்க வேண்டும். மலைக்குப் போகும்போது மறந்து போகும் என்றால், காலையில் தேத்தண்ணி வைக்கிற இடத்திலேயே மருந்தையும் வையுங்கள். முன்பு எப்போதாவது ஊசி அல்லது கெப்சூலால் உடம்பு தடித்திருந்தால், மூச்சு இறுகியிருந்தால் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மருந்து தொடங்கி ஒரு நாள் முழுவதும் பிள்ளையைப் பாடசாலைக்கோ பிள்ளை மடுவத்துக்கோ அனுப்பாமல் வைத்திருந்தால் மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றுவது குறையும்.

எப்போது போக வேண்டும்?

இப்போது சொல்லுவதை வீட்டுக்குப் போய் ஐயாமாருக்கும் சொல்லுங்கள். இரண்டு வகையாகப் பிரித்துச் சொல்லுகிறோம்.

முதல் வகை, அன்றைக்கோ மறுநாளோ வைத்தியரிடம் காட்ட வேண்டியவை. 5 முதல் 15 வயசுப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி, இருமல் இல்லை என்றால். தொண்டையில் வெள்ளைப் புள்ளி, கழுத்தில் நெறி என்றால். உடம்பில் சிவந்த தடிப்பு என்றால். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால். தொண்டை வலி ஒரு கிழமையில் குறையாவிட்டால். அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தால். சீனி வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணித் தாய்மார், முன்பு வாதக் காய்ச்சல் வந்தவர்கள் என்றால் காத்திருக்கவே வேண்டாம். தொண்டை வலி போய் இரண்டு மூன்று கிழமைக்குள் மூட்டு வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், முகம் ஊதி மூத்திரம் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் போனாலும் அன்றைக்கே போக வேண்டும். மூத்திரம் அப்படிப் போவது, ஸ்ட்ரெப் கிருமியின் காரணமாகச் சிறுநீரகம் வீங்கியதன் அடையாளம்.

சில பிள்ளைகளுக்குச் சில மாதம் கழித்து, கை கால் தன்பாட்டில் துடிக்கும். கையில் இருக்கிற கோப்பை விழும், கொப்பியில் எழுத்து கோணும், முகம் இழுக்கும். வகுப்பில் குறும்பு என்று அடி வாங்கும். காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்றும் சொல்லுவார்கள். இதுவும் வாதக் காய்ச்சலின் ஒரு வடிவம்தான். கோயிலில் நூல் கட்டுவதை நாங்கள் தடுக்கவில்லை. கட்டிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

தைரொய்ட் வருத்தத்துக்குக் கார்பிமசோல் என்ற குளிசை குடிக்கிற அக்காமார் கவனிக்க வேண்டும். அந்தக் குளிசை சில பேருக்கு இரத்தத்தில் கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். அதன் முதல் அடையாளமே தொண்டை வலியும் காய்ச்சலும்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், குடிக்கிற குளிசையைக் காட்டி, இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகை, ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாதவை. மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால், மூச்சில் இரைச்சல் கேட்டால். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயால் வடிந்தால். வாயைத் திறக்க முடியாவிட்டால். வாய்க்குள் எதையோ வைத்துக் கொண்டு பேசுவது போலக் குரல் மாறினால். ஒரு பக்கம் மட்டும் பெரிதாக வீங்கினால். கழுத்து விறைத்தால். பிள்ளை சோர்ந்து கண் திறக்காமல் கிடந்தால். இவர்களுக்கு வீட்டில் வாயைத் திறந்து பார்ப்பது, தண்ணீர் பருக்குவது எதுவும் வேண்டாம். உட்கார்ந்தபடியே வைத்துக் கொண்டு புறப்படுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்த டிவிசன், எந்தக் கோயிலடி, எந்தச் சந்தி என்று தெளிவாகச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் லயத்து வாசல் வரை ஏற முடியாத பாதை என்றால், ஒருத்தர் பெரிய ரோட்டுக்கு இறங்கிப் போய் நின்று வழி காட்ட வேண்டும்.

வெத்திலை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

குளிருக்கு, பசிக்கு, அசதிக்கு என்று நமது தோட்டங்களில் வெத்திலை போடாத ஆள் குறைவு. குறை சொல்ல வரவில்லை. ஆனால் போயிலையோடு பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிரூபணமான உண்மை. போயிலை போடாமல் வெறும் பாக்கு மட்டும் போட்டாலும் அப்படித்தான். வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களைக் கூடுதலாகப் பிடிக்கிற புற்றுநோய்களில் ஒன்று. வாய்க்குள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், விடாத குரல் கம்மல், விழுங்கும்போது அடைப்பு, கழுத்தில் வலிக்காத கட்டி இருந்தால் உடனே காட்டுங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. ஆரம்பத்தில் பிடித்தால் சுகப்படுத்தலாம்.

வராமல் தடுக்க

காசு செலவில்லாத வழிகள் இவை. மழை விட்ட நேரத்திலாவது ஜன்னலைத் திறந்து காற்று வர விடுங்கள். இருமும்போது முழங்கையை மடித்து வாயை மூடப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். கையைச் சோப் போட்டுக் கழுவுங்கள். மலையில் தேத்தண்ணிக் கோப்பை ஒன்றை நாலு பேர் சுற்றிக் குடிப்பதை விட்டு, ஆளுக்கு ஒரு கோப்பை கொண்டு போங்கள். விறகைக் காய வைத்து எரியுங்கள், புகை வெளியே போக வழி வையுங்கள். அடுப்பு எரியும்போது கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக் கொண்டு நிற்காதீர்கள்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். தொண்டை அடைப்பான் என்று ஒரு வருத்தம் முன்பு இருந்தது. தொண்டைக்குள் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைத்து எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டு போனது. இன்றைக்கு நாம் அதைக் காணாமல் இருப்பதற்குக் காரணம் தடுப்பூசிதான். 2, 4, 6 மாதத்தில் போடுகிற ஊசி, ஒன்றரை வயசு, ஐந்து வயசு ஊசி, பிறகு பாடசாலையில் போடுகிற ஊசி ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். "ஊசி போட்டா காய்ச்சல் வரும், நாளைக்கு வேலைக்குப் போக ஏலாது" என்று ஒளித்து வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரிக்குப் போனால் பேச்சுத் தெரியாது, சிங்களம் தெரியாது, கேவலமாகப் பார்ப்பார்கள் என்று பல பேர் தயங்குகிறீர்கள். அந்தத் தயக்கம் சும்மா வந்ததில்லை, எங்களுக்கும் தெரியும். அதனால் போகும்போது மூன்று விஷயத்தை ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். எத்தனை நாளாக வருத்தம், காய்ச்சல் எப்போதெல்லாம் வந்தது, என்ன மருந்து குடித்தது. எழுத முடியாதவர்களுக்கு மடுவத்து ஆயாம்மாவோ, பாடசாலைப் பிள்ளையோ, நாங்களோ எழுதித் தருவோம். மொழி தெரிந்த ஒருத்தரைத் துணைக்கும் அனுப்பி வைப்போம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இந்த மாசத்தில் தொண்டை வலி வந்துச்சா? அதுக்குப் பிறகு முழங்கால் வீங்குச்சா? படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று ஒரு பிள்ளை சொன்னாலும், நாளைக் காலையில் பிரட்டுக்குப் போவதற்கு முன்பு எங்களிடம் வாருங்கள். அரைப் பேருக்கோ லீவுக்கோ யாரிடம் பேச வேண்டுமோ, அந்தப் பேச்சை நாங்கள் பேசிக் கொள்ளுகிறோம். பிள்ளையைக் கூட்டிக் கொண்டு நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.